பனிமலைக்கு ட்ரோன் கொண்டுபோகும் காஞ்சன்பாக் நண்பர்களுக்கு



டிசம்பர் கடைசி வாரமும் சங்கராந்தி விடுமுறையும் நெருங்கினால் ஹைதராபாத் காஞ்சன்பாக்கின் டி.எம்.ஆர்.எல். எக்ஸ் ரோடு வட்டாரத்து வீடுகளில் பேச்சு ஒன்றுதான்: குல்மார்க்கா, மணாலியா, அவுலியா? ஸ்வெட்டர் வாங்கியாயிற்று, டிக்கெட் போட்டாயிற்று, பெட்டியின் ஓரத்தில் கால் கிலோ எடையில் ஒரு ட்ரோனும் ஏறிக்கொள்கிறது. பனி மூடிய தேவதாரு மரங்களுக்கு மேலே எழும்பி அது எடுக்கப்போகும் படம் மனசுக்குள் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஹைதராபாத்தில் குளிர் என்றால் விடியற்காலைப் பத்துப் பன்னிரண்டு டிகிரி. அந்த ட்ரோன் இதுவரை கண்டதும் அவ்வளவுதான். போகிற இடத்திலோ காஷ்மீரிகள் ‘சில்லாய் கலான்’ என்று அழைக்கும் கடுங்குளிர்ப் பருவம் நடக்கிறது. டிசம்பர் 21-இல் தொடங்கி நாற்பது நாள் நீளும் அந்தப் பருவத்தில் ஏரியின் விளிம்பும் உறையும், குழாயில் தண்ணீரும் உறையும்.

ஹைதராபாத்தில் எத்தனையோ பேட்டைகள் இருக்க, இந்த மடல் காஞ்சன்பாக்குக்கு வருவதற்குக் காரணம் உண்டு. டி.ஆர்.டி.எல்., டி.எம்.ஆர்.எல்., பாரத் டைனமிக்ஸ், மிதானி என்று பாதுகாப்புத் துறை நிறுவனங்களின் மதில்கள் வரிசையாக நிற்கும் ஊர் அது. 1982-இல் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம் டி.ஆர்.டி.எல். இயக்குநராக வந்து சேர்ந்ததும், மறு ஆண்டு ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியதும் தமிழ் வாசகர்களுக்குப் பழைய செய்தி. அந்தத் திட்டத்தின் ஐந்து ஏவுகணைகளில் ஒன்று ஆகாஷ். 2021 செப்டம்பரில் அதன் புதிய வடிவமான ஆகாஷ் பிரைம் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டபோது, உயரமான இடங்களின் குறைந்த வெப்பநிலையிலும் நம்பகமாக இயங்கும்படி அது மேம்படுத்தப்பட்டிருப்பதை அரசின் அறிவிப்பு தனியாகக் குறிப்பிட்டது. 2025 ஜூலை 16-இல் லடாக்கில் அது ஆளில்லாத இரண்டு வான் இலக்குகளை வீழ்த்தியது. 4,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்கென்றே அமைக்கப்பட்ட வடிவம் அது.

சமவெளியில் வேலை செய்கிற பொருள் பனிமலையிலும் அப்படியே வேலை செய்யும் என்று யாரும் நம்பிவிடாத ஊர், இந்தக் கணக்குப்படி, காஞ்சன்பாக். ராணுவத்துக்குப் போகிற ஒரு சின்ன மின்னணுப் பெட்டிகூட ‘ஜே.எஸ்.எஸ். 55555’ என்ற முப்படைத் தர ஆவணம் சொல்லும் குளிர், வெப்பம், ஈரப்பதம், அதிர்வுச் சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். அதே சோதனைக்கூடங்களில் வேலை பார்க்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் விடுமுறை என்று வந்துவிட்டால், அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்ட பறக்கும் நேரத்தை அப்படியே நம்பி ட்ரோனை வானத்தில் ஏற்றுகிறார்கள். அலுவலகத்தில் ‘ஸ்பெக்’கைக் கேள்வி கேட்கிற அதே கண்ணோடு விடுமுறைப் பொம்மையையும் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த மடலின் கோரிக்கை.

அந்த அச்சிட்ட எண்ணிலிருந்தே தொடங்கலாம். டி.ஜே.ஐ. நிறுவனத்தின் மேவிக் 3 ட்ரோனுக்குப் பறக்கும் நேரம் 46 நிமிடம். காற்றே இல்லாத சூழலில், சீரான வேகத்தில், பேட்டரி முழுதும் தீரும்வரை ஓட்டி எடுத்த கணக்கு அது. பயன்படுத்தும் வெப்பநிலை என்று ஸ்பெக் தாளில் இன்னொரு வரி இருக்கும். கண்ணில் படுவது குறைவு. மேவிக் 3, மினி 3 ஆகியவற்றுக்கு மைனஸ் 10 முதல் 40 டிகிரி வரை. பழைய மினி 2-க்கோ பூஜ்ஜியம் முதல் 40 வரை. மினி 2-ஐக் கையில் வைத்துக்கொண்டு குல்மார்க்கில் ஜனவரி காலையில் நிற்பவர், விசிறி சுழலும் முன்பே ஸ்பெக்கை விட்டு வெளியே வந்துவிட்டார்.

குளிர் முதலில் கைவைப்பது பேட்டரியில். லித்தியம் செல்லுக்குள் இருக்கும் மின்பகு திரவம், மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் இறுகுவதுபோல, குளிரக் குளிர மந்தமாகிறது. அதற்குள் அயனிகள் நகர்வது கடினமாகிறது. செல்லின் உள்தடை கூடுகிறது. மின்னோட்டம் அதிகமாகக் கேட்டால் வோல்ட்டேஜ் சட்டென்று தாழ்கிறது. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், சராசரியாக 3.7 வோல்ட் தரும் செல், குளிரில் எழும்பும் அந்த ஒரு நொடியில் அபாய எல்லைக்கு அருகே சரிந்து மீளக்கூடும். திரையில் 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே ‘பேட்டரி குறைவு, இறங்குகிறேன்’ என்று ட்ரோன் அடம்பிடிப்பதன் ரகசியம் இதுதான். சேமித்த ஆற்றல் உள்ளேதான் இருக்கிறது, வெளியே எடுக்கத்தான் முடியவில்லை. மைனஸ் 20 டிகிரிக்குப் போனால் பல லித்தியம் செல்கள் பாதித் திறனுக்கு இறங்கிவிடும்.

இதே சிக்கலை ஏவுகணைக்காரர்கள் வேறு வழியில் தீர்த்திருக்கிறார்கள். ஏவுகணைகளில் பரவலாகப் பயன்படும் வெப்ப பேட்டரிக்குள் மின்பகு பொருள் திடமான உப்பாகவே இருக்கும்; ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஏவும் கணத்தில் உள்ளே இருக்கும் வெப்ப மருந்து பற்றிக்கொள்ள, உப்பு உருகி மின்சாரம் பாய்கிறது. வெளியே சியாச்சின் குளிரா, ராஜஸ்தான் வெயிலா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒருமுறைதான் எரியும். விடுமுறை ட்ரோனுக்கு அந்த வசதி இல்லை. அதன் பேட்டரிக்கு வெப்பத்தை உரிமையாளர்தான் கொடுத்தாக வேண்டும்.

வெப்பத்துக்கும் பேட்டரிக்குமான பேரம் எவ்வளவு கடினம் என்பதற்குப் பூமிக்கு வெளியே ஒரு சாட்சி உண்டு. நாசாவின் குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனுயிட்டி 2021 ஏப்ரல் 19-இல் செவ்வாயில் முதன்முதலாக எழும்பியது. எடை 1.8 கிலோ, உள்ளே ஆறு லித்தியம் அயன் செல்கள். பகலில் சூரியத் தகட்டிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தில் பெரும் பங்கு, இரவில் தன்னையே சூடாக வைத்துக்கொள்ளச் செலவானது. 2022 மே மாதம் செவ்வாயில் குளிர்காலம் நெருங்க, தூசியும் கூடி, ஓரிரவு பேட்டரி தாக்குப்பிடிக்காமல் தொடர்பே அறுந்தது. மீட்ட பிறகு பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? மைனஸ் 15 டிகிரியில் எரியத் தொடங்கிய ஹீட்டரை மைனஸ் 40-இல் எரிந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். உறுப்புகளைக் குளிரவிட்டு மின்சாரத்தைக் காப்பாற்றினார்கள். ஐந்தே முறை பறப்பதற்காக அனுப்பப்பட்ட அந்தக் கருவி 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. எதைச் சூடாக வைப்பது, எதைக் குளிரவிடுவது என்று தரையில் இருந்தவர்கள் முன்கூட்டி முடிவெடுத்ததும் அந்தக் கணக்குக்குள் அடக்கம்.

குல்மார்க்கில் எடுக்க வேண்டிய முடிவுகள் அத்தனை பெரியவை இல்லை. முதல்நாள் இரவே பேட்டரிகளை அறைக்குள் முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். வெளியே போகும்போது ட்ரோன் பையில் இருக்கட்டும், பேட்டரி உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். பறக்கவிடும் நேரத்தில்தான் மாட்ட வேண்டும். அப்போது பேட்டரியின் வெப்பம் 20 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. பெரும்பாலான செயலிகள் அந்த எண்ணைக் காட்டும். எழும்பியதும் தலைக்குச் சற்று மேலே ஒரு நிமிடம் அந்தரத்தில் நிறுத்துங்கள். மின்னோட்டமே செல்லை உள்ளிருந்து சூடாக்கும். மோட்டார் சத்தத்தில் கோளாறு இருந்தாலும் அப்போதே காதில் விழும். பிறகு மெல்லக் கிளம்பலாம். எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் செங்குத்தாக ஏற்றுவதுதான் குளிர்ந்த செல்லுக்கு மிகப் பெரிய அதிர்ச்சி.

காஷ்மீரில் ஃபிரன் என்ற தொளதொளத்த அங்கிக்குள் காங்கிரி என்ற கனல் சட்டியை வைத்துக்கொண்டு நடப்பார்கள். விருந்தினருக்கும் அன்போடு நீட்டுவார்கள். கை காய்ச்சிக்கொள்ளுங்கள், ஆனால் பேட்டரி வைத்த பை அந்தப் பக்கம் போகவே கூடாது. லித்தியம் செல்லுக்குக் கதகதப்பு போதும், கனல் ஆபத்து. காரின் ஹீட்டர் துளைக்கு முன்னால் பேட்டரியை மாட்டிவைப்பதும் அதே ரகம்தான்.

திரும்பிவரும் கணக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் 20 சதவீதத்தில் இறக்குகிறவர், பனியில் 40-க்கு வரும்போதே திரும்பத் தொடங்குவது நல்லது. மலைக்காற்றின் வஞ்சகம் அப்படி. ட்ரோனின் வேகம் நொடிக்கு 15 மீட்டர், காற்றின் வேகம் 10 மீட்டர் என்று வையுங்கள். காற்றோடு போகும்போது ஒரு கிலோமீட்டரை 40 நொடியில் கடந்துவிடும். ‘ஆகா, என்ன வேகம்!’ என்று மகிழ்ந்துவிட்டுத் திருப்பினால், அதே தூரத்துக்கு 200 நொடி ஆகும். போன செலவைப்போல ஐந்து மடங்கு நேரம் வருவதற்கு. ஆகவே முதலில் காற்றை எதிர்த்துப் போக வேண்டும். வரும்போது காற்றே கொண்டுவந்து விடும். நிற்கும் இடத்தில் மரக்கிளை அசையவில்லை என்பதை வைத்து, மேலே முகட்டிலும் காற்று இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

குளிர் ஒரு நன்மையும் செய்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. விசிறிக்குப் பிடிமானம் கூடும். ஆனால் உயரம் அதைத் தட்டிப் பறித்துவிடுகிறது. ஹைதராபாத் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர், குல்மார்க் 2,650, லே ஏறத்தாழ 3,500. லேயின் காற்றடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். அந்தக் காற்றில் சும்மா அந்தரத்தில் நிற்பதற்கே ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் சக்தி தேவை. ஏற்கெனவே மந்தமான பேட்டரியிடம் போய் மேலும் கேட்கிறோம். கிளம்பும் இடத்தின் உயரத்துக்கும் ஸ்பெக்கில் எல்லை உண்டு: மினி 2-க்கு 4,000 மீட்டர், மேவிக் 3-க்கு 6,000. 5,359 மீட்டரில் இருக்கும் கார்துங் லா கணவாயில் மினி 2 எழும்பினால், அது பிழைத்துவருவது அதிர்ஷ்டத்தின் வேலை.

இந்த எல்லைகளையெல்லாம் தாண்டிப் பறக்கும் இயந்திரங்கள் இல்லாமல் இல்லை. 2024 ஏப்ரலில் எவரெஸ்ட் அடிவார முகாமிலிருந்து முதல் முகாமுக்கு 15 கிலோ சரக்கைத் தூக்கிச் சென்று சோதித்த டி.ஜே.ஐ. ஃபிளைகார்ட் 30 அப்படிப்பட்டது. அதன் பேட்டரி தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். மைனஸ் 20 வரை பறப்பதற்கென்றே கட்டப்பட்டது. அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு ‘நம்முடையதும் அதே கம்பெனிதானே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வதில்தான் வில்லங்கம்.

அடுத்து, தரை. ட்ரோன் தன் வயிற்றுப் பக்கம் உள்ள கேமராவால் தரையின் கோடுகளையும் புள்ளிகளையும் பார்த்துத்தான், தாழ்வாக நிற்கும்போது நகராமல் நிலைகொள்கிறது. புதுப்பனி விழுந்த மைதானத்தில் அப்படி எந்தப் புள்ளியும் இல்லை. வெள்ளைக்கு மேல் வெள்ளை. பிடிமானம் தவறி மெல்லப் பக்கவாட்டில் நழுவும். ஆகவே ஜி.பி.எஸ். முழுதாகக் கிடைத்து, கிளம்பிய இடம் பதிவாகும்வரை பொறுக்க வேண்டும். இறங்கும்போது இன்னொரு தொல்லை: விசிறிக் காற்று தூள்பனியைக் கிளப்பி, அந்தத் தூள் மோட்டாருக்குள்ளும் லென்ஸ் மேலும் அப்பும். பளிச்சென்ற ஆரஞ்சு நிற லேண்டிங் பேட் ஒன்றை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தால் இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து. கார் பானட்டும் ஓட்டல் மொட்டைமாடியும் வசதியாகத் தெரியும். ஆனால் இரும்பும் கம்பியும் திசைகாட்டியைக் குழப்பிவிடும்.

‘ரிட்டர்ன் டு ஹோம்’ பொத்தான் ஒன்றுதான் கடைசிப் பாதுகாப்பு என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் பொத்தான், முன்பே குறித்துவைத்த உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் திரும்பும். ஊரில் முப்பது மீட்டர் வைத்திருந்தால் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போதும். தேவதாரு மரமோ நாற்பது, ஐம்பது மீட்டர் வளரும். ரோப்வே கம்பிகள் இன்னும் மோசம். தடை உணரும் சென்சார்களின் கண்ணுக்கு மெல்லிய கம்பி பெரும்பாலும் படாது. பனிப்பொழிவில் அதே சென்சார் பறக்கும் பனித்துகளைச் சுவர் என்று நினைத்து நின்றுவிடுவதும் உண்டு. திரையில் தெரியும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. எதிரே சரிவு ஏறிக்கொண்டே போனால், ‘100 மீட்டர்’ என்று திரை சொல்லும்போது ட்ரோனுக்கும் பனிக்கும் இடையே பத்து மீட்டர்கூட இல்லாமல் போகலாம்.

பனி கொட்டும்போது பறக்கவிடாதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கொட்டாதபோதும் ஆபத்து இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும் மூடுபனியில் நீர்த்துளிகள் உறையாமலே மிதந்துகொண்டிருக்கும். எதையாவது தொட்டதும் அங்கேயே உறையும். சுழலும் விசிறியின் முன்விளிம்பு அவற்றுக்கு நல்ல இலக்கு. சில நிமிடங்களில் விளிம்பில் பனிக்கட்டி படிந்து, தூக்குவிசை குறைந்து, ஒரு பக்கப் பனி மட்டும் தெறித்து விழுந்தால் அதிர்வும் கூடும். விமானங்களின் சிறகில் இதைத் தடுக்கச் சூடாக்கும் ஏற்பாடு உண்டு. சிறிய ட்ரோன்களுக்கு அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க நார்வேயின் ட்ரோன்ஹெய்ம் பல்கலைக்கழகம் தனி ஆய்வுக்கூடமே நடத்துகிறது. அது கடைக்கு வரும்வரை, பள்ளத்தாக்கில் மூடுபனி ஏறுவதைக் கண்டால் இறக்கிவிடுவதுதான் வழி.

கையில் இருக்கும் ரிமோட்டும் குளிரும். அதில் மாட்டிய போன் அதைவிட வேகமாகக் குளிரும். ஆப்பிள் தன் ஐபோனுக்குச் சொல்லும் பயன்பாட்டு வெப்பநிலை பூஜ்ஜியம் முதல் 35 டிகிரி வரைதான். அதற்குக் கீழே திடீரென அணைந்துவிடலாம். திரை இருண்டாலும் ரிமோட்டின் இணைப்பு இருக்கும். பதறாமல் ட்ரோனைக் கண்ணால் பார்த்துத் திருப்பினால் போதும். கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கவிட வேண்டும் என்ற விதியின் அருமை அந்த நேரத்தில்தான் விளங்கும். விரல் நுனி திறந்த கையுறை, கூடவே ஒருவர் துணை, இரண்டும் வேண்டும். விரல் மரத்துப்போனவர் ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு தள்ளுகிறோம் என்பதை உணரவே மாட்டார்.

ட்ரோன் விழுந்தால் நட்டம் பணத்தோடு போகும் என்பதும் சரியில்லை. 2015 டிசம்பர் 22, இத்தாலியின் மடோன்னா டி காம்பீலியோவில் இரவுநேரப் பனிச்சறுக்குப் போட்டி. ஆஸ்திரியாவின் மார்செல் ஹிர்ஷர் சரிவில் பாய்ந்துவந்துகொண்டிருக்கிறார். தொலைக்காட்சிக்குப் படமெடுத்த கனத்த ட்ரோன் ஒன்று வானிலிருந்து பிய்த்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் சில அடி தூரத்தில் விழுந்து நொறுங்கியது. பந்தயக் கவனத்தில் இருந்த அவர் நிற்கவில்லை. இரண்டாம் இடத்தில் முடித்தார். அது தேர்ந்த தொழில்முறைக் குழு இயக்கிய கருவி. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு அதோடு தன் உலகக் கோப்பைப் பந்தயங்களில் கேமரா ட்ரோனுக்குத் தடை போட்டது. குல்மார்க்கின் சறுக்குச் சரிவில் குழந்தைகள் வரிசையில் நிற்கும்போது, தலைக்கு மேலே ‘ஒரே ஒரு ஷாட்’ எடுக்கத் துடிப்பவர்கள் அந்தக் காணொளியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

2018 நவம்பரில் இன்னொரு காணொளி உலகெங்கும் பரவியது. ரஷ்யாவின் மகதான் பகுதியில், செங்குத்தான பனிச்சரிவில் தாய்க் கரடியும் குட்டியும் ஏறுகின்றன. குட்டி சறுக்கி விழுகிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி விழுகிறது. கோடிக்கணக்கானோர் அதை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டு என்று பகிர்ந்தார்கள். விலங்கியலாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள்: ட்ரோன் நெருங்க நெருங்கத் தாய்க்கரடி மிரண்டு ஆபத்தான சரிவில் ஏறுகிறது, குட்டியை விழவைத்ததே அந்தப் படப்பிடிப்புதான். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ட்ரோன் மேலே வந்தபோது, ஓடாமல் அமைதியாக இருந்த கருங்கரடிகளின் இதயத் துடிப்பும் எகிறியதைக் காட்டியது. பனிக்காலத்தில் ஒவ்வொரு விலங்கும் உடம்பில் மிச்சமிருக்கும் கொழுப்பை எண்ணிச் செலவழிக்கிறது. காஷ்மீர் டச்சிகாமின் ஹங்குல் மானையும் லடாக் ஹெமிஸின் பனிச்சிறுத்தையையும் வானிலிருந்து துரத்த யாருக்கும் உரிமை இல்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்து, ஜனவரி உறைபனியைப் படமெடுக்க ஊட்டிப் பக்கம் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். முதுமலைக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி ட்ரோன் கூடாது.

பனியில் ட்ரோன் உயிர் காத்த கதையும் உண்டு. 2018 ஜூலையில் பாகிஸ்தானின் பிராட் பீக் மலையில் ஸ்காட்லாந்து மலையேறி ரிக் ஆலன் காணாமல்போனார். இறந்துவிட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். பக்கத்தில் கே2 சிகரத்திலிருந்து பனிச்சறுக்கில் இறங்க வந்திருந்த ஆந்திரேய் பார்கியேலின் சகோதரர் பார்டெக், தன் சிறிய ட்ரோனை அனுப்பி அவர் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தார். மீட்புக் குழுவுக்கு வழிகாட்டவும் அதுவே உதவியது. 2025 பிப்ரவரி 28-இல் பத்ரிநாத்துக்கு அருகே மாணாவில் எல்லைச் சாலை அமைப்பின் முகாம்மீது பனிச்சரிவு விழுந்தபோது 54 தொழிலாளர்கள் சிக்கினார்கள். 46 பேர் மீட்கப்பட்டார்கள், எட்டுப் பேர் இறந்தார்கள். அங்கும் ஹெலிகாப்டர்களோடு ட்ரோன்கள் தேடலில் இறங்கின. இப்படிப்பட்ட நேரத்தில் சுற்றுலாப் பயணி செய்யக்கூடிய பெரிய உதவி, தன் ட்ரோனைப் பைக்குள் வைப்பது. மீட்பு ஹெலிகாப்டர் வரும் வானத்தில் யாருடையது என்று தெரியாத ஒரு ட்ரோன் தென்பட்டால், விமானி திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

சட்டத்தைக் காஞ்சன்பாக்குக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொந்த வீட்டு மொட்டைமாடியிலேயே அவர்களால் ட்ரோன் விட முடியாது. பாதுகாப்பு நிறுவனங்களின் வானம் சிவப்பு மண்டலம், மத்திய அரசின் அனுமதி வேண்டும். இதே ஹைதராபாத்தின் இன்னொரு பாதுகாப்பு ஆய்வுக்கூடமான செஸ் வடிவமைத்த லேசர் ஆயுதம், 2025 ஏப்ரல் 13-இல் கர்னூலில் ட்ரோன்களை வானத்திலேயே வீழ்த்திக் காட்டியது. நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2021 ஆகஸ்ட் 25-இல் வந்த ட்ரோன் விதிகளின்படி, முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைதான். பதிவு எண் வேண்டும். 250 கிராமுக்கு மேல் இரண்டு கிலோ வரையுள்ள ட்ரோனை வணிக நோக்கமின்றி இயக்க விமானிச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால் மண்டல விதிகள் எல்லோருக்கும் ஒன்றே. டொரண்டோவிலிருந்து வரும் மாமாவிடம் ‘ஒரு ட்ரோன் வாங்கி வாருங்கள்’ என்று சொல்லிவிட வேண்டாம்: 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது.

பனிமலைகளில் சிக்கல் இரட்டிப்பு, ஏனென்றால் அவற்றில் பல எல்லையை ஒட்டியவை. ஜம்மு விமானப்படைத் தளம் 2021 ஜூன் 27-இல் ட்ரோன்களால் தாக்கப்பட்ட அடுத்த வாரமே ஸ்ரீநகர் மாவட்ட நிர்வாகம் ட்ரோன் விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் இயக்குவதற்கும் தடை விதித்தது. குல்மார்க்கும் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. 2025 அமர்நாத் யாத்திரையின்போது பாதைகள் முழுவதும் பறக்கத் தடை விதித்த மண்டலங்களாயின. இந்த உத்தரவுகள் மாதத்துக்கு மாதம் மாறுபவை. கிளம்பும் வாரத்தில் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமலும், போய்ச் சேர்ந்ததும் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்காமலும் பையைத் திறக்க வேண்டாம். கூடாது என்று சொன்னால் ட்ரோன் அறையிலேயே இருக்கட்டும். தரையில் நின்று எடுத்த பனிப்படத்துக்கும் அழகு குறையாது.

பறந்து முடித்த பிறகும் இரண்டு வேலை பாக்கி. குளிர்ந்த ட்ரோனைச் சூடான அறைக்குள் அப்படியே திறந்துவைத்தால், அறைக் காற்றின் ஈரம் லென்ஸிலும் சர்க்யூட்டிலும் பூத்துவிடும். மூடிய பைக்குள்ளேயே இரண்டு மணி நேரம் விட்டால் மெல்லச் சூடேறும். ஈரம் பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். இரண்டாவது வேலை பேட்டரிக்கு. வெளியிலிருந்து வந்த கையோடு சார்ஜரில் மாட்டவே கூடாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்த செல்லைச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படியும். அந்தப் படிவு நிரந்தரம், பின்னாளில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகவும் அது வழிவிடும். செல் முழுதாக அறைச்சூட்டுக்கு வந்த பிறகுதான் மாட்ட வேண்டும். விமானத்தில் திரும்பும்போது உபரி பேட்டரிகள் கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் கூடாது. நூறு வாட்-மணிக்கு மேற்பட்டதாக இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிட வேண்டும். மேவிக் 3-இன் பேட்டரி 77 வாட்-மணி என்பதால் பெரும்பாலோருக்கு அந்தக் கவலை இல்லை.

முடிக்கும் முன் குடியிருப்பு நலச்சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். பனிக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் அதில் ஒரு வரி எழுதட்டும்: தேதி, இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், காற்றின் வெப்பநிலை, கிளம்பும்போது பேட்டரியின் வெப்பநிலை, பறக்கும்போது தாழ்ந்த வோல்ட்டேஜ், பறந்த நிமிடங்கள், இறங்கும்போது மிச்சமிருந்த சதவீதம். பறக்கவிடாமல் திரும்பிய நாளுக்கும் ஒரு வரி வேண்டும். மூடுபனியா, காற்றா, காவலரின் மறுப்பா என்ற காரணத்தோடு. இரண்டு மூன்று குளிர்காலத்துக்குள், மினி 2-ம் மேவிக் 3-ம் இமயத்தில் உண்மையில் எத்தனை நிமிடம் பறக்கின்றன என்ற அட்டவணை காஞ்சன்பாக்கின் கையில் இருக்கும். அதைத் தெலுங்கிலும் தமிழிலும் இந்தியிலும் ஒரு பக்கமாக அச்சடித்து அறிவிப்புப் பலகையில் டிசம்பர் முதல் வாரமே ஒட்டிவிடலாம்.

அன்புடன்,
பயணப் பகுதி